யுட்டிலிட்டி: வட்டுப் பயன்பாட்டை எப்படித் திறப்பது?

கும்பகோணத்தில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி இவைதான் பிழைப்பு. போன மாதம் வடிவமைப்புக்கு ஒரு பயிற்சிக் கையேடு வந்தது. ‘அன்றாட வேலைகளுக்கு உதவும் லினக்ஸ் பயன்பாடுகள்’ என்று தலைப்பு. கடையிலுள்ள இரண்டு கணினியிலும் இயங்குதளம் லினக்ஸ்தான் என்பதால் ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். ஐந்தாம் பக்கத்தில் ‘வட்டுப் பயன்பாட்டைத் திறக்கவும்’ என்று இருந்தது. என்னிடம் வேலை பழகும் பாபநாசத்துப் பையன் அதைச் செய்து பார்த்தான்.

“சார், வட்டுப் பயன்பாடு 82 சதவீதம்னு ஒரு கோடு காட்டுது. அதை எப்படி சார் திறக்கிறது?”

அவன்மேல் தப்பில்லை. கையேடு சொல்ல வந்தது, கோப்புகளைச் சேமிக்கும் வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கவும் சோதிக்கவும் உதவும் டிஸ்க் யுட்டிலிட்டியை. அவன் பார்த்தது வட்டில் எவ்வளவு இடம் தீர்ந்திருக்கிறது என்று காட்டும் டிஸ்க் யூசேஜை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, பையனுக்குக் கணினி வரவில்லை என்றால் எப்படி?

யுட்டிலிட்டி லத்தீனிலிருந்து வந்த சொல். பயனுடைமை என்பது அதன் மூலப் பொருள். ஒரு சின்ன வேலையை முடித்துக் கொடுக்கும் நிரல் என்பது கணினிக் காலத்தில் ஏறிய பொருள். மூலப் பொருளுக்கு நம் பொருளியல் பாடநூல்கள் ‘பயன்பாடு’ என்று வைத்தன. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை உருப்போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: முதல் டிகிரி காபி அமிர்தம், மூன்றாவது கஷாயம். அங்கே பேசப்படுவது ஒரு தன்மை, ஆகவே அந்தச் சொல் பொருந்துகிறது. கணினிக்கு மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லின் அமைப்பைப் பாருங்கள். கட்டுப்படு கட்டுப்பாடு ஆகிறது, வழிபடு வழிபாடு ஆகிறது, பயன்படு பயன்பாடு ஆகிறது. எல்லாம் தொழிலுக்குப் பெயர், கையில் எடுக்கிற பொருளுக்குப் பெயர் இல்லை. வயலுக்குப் போகிறவர் வாசலில் நின்று “அந்தப் பயன்பாட்டை எடுத்துக் கொடு” என்று மண்வெட்டியைக் கேட்க மாட்டார்.

இலக்கணம் படித்த நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. தொழிலின் பெயர் பொருளுக்கு ஆகிவரும் தொழிலாகுபெயர் என்று ஒன்று இருக்கிறதே, பொங்கல் சாப்பிடுகிறோம், வற்றல் வறுக்கிறோம், அதெல்லாம் தொழிற்பெயர்தானே என்றார். சரிதான். ஆனால் இலையில் பொங்கல் விழும்போது பொங்குகிற தொழில் பக்கத்தில் நின்று குழப்புவதில்லை. கணினியில் யூசேஜும் யுட்டிலிட்டியும் ஒரே சன்னலில் அக்கம்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. போதாததற்கு அப்ளிகேஷனையும் சிலர் பயன்பாடு என்கிறார்கள். ‘இந்தப் பயன்பாட்டின் பயன்பாடு என்ன?’ என்ற வாக்கியம் அந்தக் கையேட்டிலேயே இருந்தது. எழுதியவருக்குச் சிரிப்பு வரவில்லையா?

‘செயலி’ என்று வைக்கலாமே என்பவர்கள் உண்டு. கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் சில்லை நுண்செயலி என்று எழுதிப் பழகிய பிறகு, அதே செயலியைத் தூக்கிக் கைபேசி ஆப்புக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது ‘செயலி சூடாகிறது’ என்றால் விசிறியைப் பார்ப்பதா, ஆப்பை மூடுவதா?

என் சொல் கருவி. புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். ‘அருவினை யென்ப உளவோ கருவியான் காலம் அறிந்து செயின்’ என்று குறளில் இருக்கிறது. வேலையை முடிக்க எது உதவுகிறதோ அது கருவி, அவ்வளவுதான். கருவி என்றால் இரும்பும் மரமும், மென்பொருளுக்கு ஒட்டாது என்பார்கள். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். கடைகிற உளியும் கருவி, கடைந்து முடித்த நாகசுரமும் துளைக்கருவி. இரண்டையும் தாங்குகிற சொல் நாலு வரி நிரலைத் தாங்காதா? (ஆயுத பூஜையன்று விசைப்பலகைக்குச் சந்தனம் வைக்கிறோம், நிரலுக்கு வைக்க வழியில்லை, அது வேறு விஷயம்.)

இன்னொரு பொருளும் இதற்கு உண்டு. ‘கருவி தொகுதி’ என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டின் ‘கருவி வானம்’ இடியும் மின்னலும் மழையும் சேர்ந்த தொகுதி. லினக்ஸ்காரர்களுக்கு இது வெல்லக்கட்டி. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் 1973இல், ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்கு ஊட்டும் பைப் வந்ததிலிருந்து, சின்னச் சின்ன நிரல்களை ஒன்றின் வாயில் இன்னொன்றைக் கோத்து வேலை வாங்குவதுதானே அங்கே வழக்கம்? என் கடையில் பிடிஎஃப்யுனைட் பக்கங்களை ஒன்றாக்கும். டெசராக்ட் பழைய நோட்டீஸின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும், கொஞ்சம் பிழையோடு. திரையில் வேண்டிய இடத்தை மட்டும் படம் பிடிக்க ஃபிளேம்ஷாட். கல்யாணப் படம் நானூறுக்கும் துனார் என்ற கோப்பு மேலாளர் ஒரே மூச்சில் பெயர் மாற்றிவிடும். தனித்தனியே அற்பம், சேர்ந்தால் கடை ஓடுகிறது. இவற்றைக் கருவி என்னாமல் வேறு எதைச் சொல்வது? பெரிய மென்பொருளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘சிறுகருவி’ போதும். அதுவும் பிடிக்காதவர்கள் ‘டூல்’ என்றே எழுதட்டும். பிறமொழிச் சொல்லால் எனக்கு வருத்தமில்லை, தமிழ் மாதிரி இருந்துகொண்டு புரியாமல் போகிற சொல்லால்தான் வருத்தம்.

கையேட்டில் பதினான்கு இடத்தில் ‘கருவி’ என்று திருத்தி அனுப்பினேன். ‘கலைச்சொல்லை மாற்ற வேண்டாம்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பழையபடி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒன்று மட்டும் என் கண்ணுக்கும் அவர்கள் கண்ணுக்கும் தப்பி அப்படியே அச்சாகிவிட்டது: ‘வட்டுக் கருவியைத் திறக்கவும்.’