கோலிக்குண்டுக்குத் தொப்புள் உண்டா?

பழைய சாமான்களோடு ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடிக் கோலிகள் கிடைத்ததாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெட்டியில் ‘அக்ரோ அகேட்’ என்று, இயந்திரத்தால் கோலி செய்த பழைய அமெரிக்க நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறதாம். நிஜமாகவே பழசுதானா என்று கேட்கிறார்.

பெட்டி அப்புறம். முதலில் ஒரு கோலியை எடுத்து, லென்ஸுக்கு அடியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தேட வேண்டியது அதன் தொப்புளை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் கோலிகளைக் கையால்தான் செய்தார்கள். நிறக்கண்ணாடிக் குச்சிகளை அடுக்கி, மேலே தெளிந்த கண்ணாடியைப் பூசி, முறுக்கிக்கொண்டே நீளமாக இழுப்பார்கள். அந்தக் கண்ணாடித் தண்டின் நுனியை இளக்கி, ஒரு பக்கம் கிண்ணம் போலக் குழிந்த கத்தரியால் உருட்டி நறுக்குவார்கள். நறுக்கிய இடத்தில் சொரசொரப்பான தழும்பு விழும். அதுதான் தொப்புள். பெரும்பாலும் எதிரெதிர் முனைகளில் இரண்டு இருக்கும். நிற இழைகள் ஒரு தழும்பில் கிளம்பி மற்றதில் போய் முடியும்.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. இவ்வளவு முறுக்கியும் நிறங்கள் ஏன் கலந்துவிடுவதில்லை? நீரில் மையை விட்டுக் கலக்கினால் ஒரு நொடியில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். சுழல்களுக்குள் குட்டிச் சுழல்கள் பிறந்து மையைக் கிழித்துப் பரப்புவதுதான் காரணம். ஆனால் சுமார் 1000 டிகிரி செல்சியஸில், வளைத்து உருட்டும் பதத்தில் இருக்கும் கண்ணாடி, நீரைவிடப் பத்து லட்சம் மடங்கு பிசுபிசுப்பானது. அதில் சுழலே பிறக்காது. ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கின் மேல் வழுக்கும், நீளும், மெலியும். ஆனால் உள்ளே நுழையாது. அணுக்கள் தாமாக ஊர்ந்து கலக்கலாமே என்றால், அதற்குள் கண்ணாடி இறுகிவிடுகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் சுருள் வெறும் அலங்காரமல்ல. அந்தக் கைவினைஞரின் மணிக்கட்டு எந்தப் பக்கம், எத்தனை முறை திரும்பியது என்பது அப்படியே உறைந்து நிற்கிறது!

சரி, இயந்திரக் கோலிக்கு வருவோம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளைகளின் பள்ளங்களில் கண்ணாடித் துண்டு உருண்டுகொண்டே ஆறுவதால், சொரசொரத் தழும்பு மறைந்துவிடும். ஆனால் அவர் காலத்தில் கண்ணாடியைக் கையால்தான் அள்ளி ஊற்றினார்கள். அந்தக் கைச்சுழற்சி ஒரு முனையில் ‘9’ போன்ற சுழியையும், மறுமுனையில் வாலையும் விட்டுவைத்தது. அக்ரோ அகேட்டின் புகழ்பெற்ற ‘கார்க்ஸ்க்ரூ’ வகையில் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டாமல் முனைக்கு முனை திருகிக்கொண்டு போகும். விழும் கண்ணாடித் தாரை முறுக்கேறுவதன் விளைவு அது.

இந்த நுணுக்கங்களில் பலவற்றை நமக்குத் தந்தவர்கள், பழைய தொழிற்சாலைகள் இருந்த இடத்து மண்ணைத் தோண்டி உடைசல்களை ஒப்பிட்ட சேகரிப்பாளர்கள். மணிமகுடங்களை ஆராயும் பணத்தில் ஒரு துளியாவது குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கும் வர வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது பெட்டி. இருட்டில் புற ஊதா விளக்கை அதன்மேல் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாயின. அக்ரோ அகேட் 1951இல் மூடப்பட்டது. அட்டையோ அச்சுத்தாளோ நீலவெண்மையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அது பின்னாளில் அடித்த நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒளிராவிட்டால் சந்தேகம் குறையும், அவ்வளவுதான். பழைய அட்டையிலும் நகல் அடிக்கலாம்.

பெட்டி தேறினாலும் உள்ளே இருப்பவை அதோடு பிறந்தவைதானா என்று பாருங்கள். தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் விரித்த ‘பூனைக்கண்’ கோலிகள் கிடந்தால், அவை யாரோ பின்னால் போட்டவை. அந்த வகை 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்து அமெரிக்கச் சந்தையை நிறைத்தது.

இன்னொன்று, கீறலைப் போக்க மெருகேற்றிவிடாதீர்கள். கண்ணாடியின் மேல்தோலோடு தொப்புளும் தேய்ந்து போய்விடும்.