எல்லைக்கோடு தெரியாத டவர்

கே.ஜி. சாவடி, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வீடு தமிழ்நாட்டில் இருக்கும், போன் கேரளா டவரைப் பிடித்திருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் சிக்னலை மறிக்க மலை கிடையாது. பேசுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஒருவரைக் கடத்திக் கொன்று, உடலை எல்லை தாண்டிப் போட்ட வழக்கில்தான் இது போலீசுக்குத் தலைவலியாகிறது.

‘டவர் லொகேஷனை வைத்துப் பிடித்தனர்’ என்று செய்தியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிக்கிற நமக்கு மேப்பில் நகரும் சிவப்புப் புள்ளி கண்ணில் வருகிறது. செல்போன் நிறுவனம் தருவது வெறும் சி.டி.ஆர்., அதாவது அழைப்புக் கணக்கு: யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, எந்த ஐ.எம்.இ.ஐ. (போன் கருவியின் அடையாள எண்), பேச்சு தொடங்கிய ‘செல்’ எது, முடிந்தது எது. ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று திசைக்கு ஆன்டெனா இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு திசைதான் செல். ஆக, சி.டி.ஆர். சொல்வது ‘இந்தத் திசையில் எங்கோ இருந்தார்’ என்பதை மட்டும். டவுனுக்குள் அது சில தெரு. கொழிஞ்சாம்பாறை வயல்வெளியில் சில கிலோமீட்டர். 2ஜி டவருக்குப் போனின் தூரம் சுமார் 550 மீட்டர் துல்லியத்தில் தெரியும், ஆனால் அது வழக்கமான சி.டி.ஆரில் ஏறுவதில்லை. பக்கத்து டவரைத்தான் போன் பிடிக்கும் என்றும் இல்லை. எதன் சிக்னல் தெளிவோ அதற்குத் தாவும்.

சந்தேகப்பட ஆளே இல்லாதபோது எடுப்பது ‘டவர் டம்ப்’. குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவர் வழியாகப் பேசிய, நெட் பயன்படுத்திய எல்லா எண்களும் மொத்தமாக வரும். கேரளாவின் கஞ்சிக்கோட்டில் ஒருவரைக் காரில் ஏற்றினார்கள், உடல் தமிழ்நாட்டு மதுக்கரைப் பக்கம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்து டம்பிலும் உள்ள எண்ணைத் தேடினால் போதும் என்று தோன்றும். போதாது. இரண்டுமே 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியவை. அன்று கோவைக்கு வந்த லாரி டிரைவர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். நெடுஞ்சாலையை விட்டு விலகிய மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். கார் நின்ற தோப்போ, வாய்க்கால் கரையோ கிடைத்துவிட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கும். அப்புறம், தமிழ்நாட்டு டவர்களை மட்டும் கேட்டால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள். மதுக்கரையைத் தாண்டி மேற்கே போகப் போக எந்த மாநில டவர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு, கேரளா என நிறுவனங்களின் இரண்டு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் கடிதம் போக வேண்டும்.

போனை அணைத்துவிட்டால்? அணைத்த போன் எந்த டவரிலும் பதியாது, உண்மைதான். ஆனால் தினமும் ராத்திரி ஓயாமல் பேசும் நாலு எண்கள் அன்றைக்கு மட்டும் சேர்ந்தாற்போல் ஊமையானால், என் கணக்கில் அது டவர் பதிவைவிடப் பெரிய துப்பு. சிம்மைத் தூக்கி எறிபவர்கள் பலர் போனை எறிய மனசு வராமல் வைத்துக்கொள்வார்கள். புது சிம் போட்டதும் அதே 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. கணக்கில் வந்து நிற்கும்.

இதெல்லாம் ஆளைத் தேடத்தான் உதவும். ‘அந்த செல் எல்லைக்குள் எத்தனை வீடு இருக்கிறது?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் சி.டி.ஆரிடம் பதில் கிடையாது. சி.சி.டி.வி., டோல்கேட் பதிவு, ரத்தக்கறை என்று வேறு ஏதாவது துணைக்கு வர வேண்டும்.

நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி மாறியது. அதற்கு முன் 1 ஆண்டுதான். கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணையும், அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த எண் முழுசாக வேறாகிவிடும்.