செர்த்தாவ்: பாலைவனமா, பாலையா?

பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களின் உட்பகுதிக்குச் செர்த்தாவ் என்று பெயர். கடைசி ஒலியை மூக்கால் சொல்ல வேண்டும். இதைத் தமிழில் எழுதும்போது 'பாலைவனம்' என்று போட்டுவிடத் தோன்றும். போட்டால் தப்பு. மணல்வெளி அல்ல அது. முள்மரமும் கள்ளியும் மண்டிய நிலம். ஊர்கள் உண்டு, மாட்டுப்பட்டிகள் உண்டு, குறுக்கே சாவ் பிரான்சிஸ்கோ என்ற பெரிய ஆறும் ஓடுகிறது.

சொல் போர்த்துகீசியம். பெரும் பாலைவனம் என்று பொருள்படும் 'தெசெர்த்தாவ்' தலை தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மொழியறிஞர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. 1500-இல் பிரேசில் கரையை முதன்முதலாகக் கண்ட போர்த்துகீசியக் கப்பல்களிலிருந்து பெரோ வாஸ் தெ கமீன்யா மன்னருக்கு எழுதிய கடிதத்திலேயே இந்தச் சொல் வருகிறது. அங்கே வறட்சி என்ற பொருளே இல்லை. கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் நிலம், அவ்வளவுதான்.

வறட்சிப் பொருள் பிறகு ஏறியது. கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தைப் பொர்பொரேமா மேட்டுநிலம் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டி ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குக் குறைவான மழைதான். அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். சில ஆண்டுகளில் வரவே வராது. வெயிலில் மரங்கள் இலையுதிர்த்து வெளிறி நிற்பதால் அந்தக் காட்டுக்குப் பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் காட்டிங்கா என்று பெயர். 'கா' என்றால் காடு, 'டிங்கா' என்றால் வெள்ளை. நாம் தயங்காமல் வெண்காடு எனலாம். முதல் மழை விழுந்த சில நாளில் அந்த வெண்காடு பச்சையாகிவிடும்.

இங்கே மாடு வந்த கதை தனி. கரையோரக் கரும்புத் தோட்டங்களை மாடுகள் மேய்கின்றன என்று, கரையிலிருந்து 10 லீக், அதாவது ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் மாடு வளர்க்கக் கூடாது என 1701-இல் அரசாணை வந்தது. மேய்ப்பர்கள் இன்னும் உள்ளே போனார்கள். முள்ளுக்குத் தப்ப உடம்பு முழுக்கத் தோலாடை. கூலி பெரும்பாலும் நாலு கன்றுக்கு ஒன்று.

1877 முதல் 1879 வரை மழை பொய்த்தபோது லட்சக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரைவிட்டு நடந்தார்கள். அமேசானுக்கு ரப்பர் எடுக்கப் போனவர்களும் உண்டு. இப்படிக் கிளம்பியவர்களுக்கு 'ரெத்திராந்தே' என்று ஒரு சொல்லே இருக்கிறது. கூடவே வழிப்பறிக் கூட்டங்கள். அவர்களில் பேர்பெற்ற லம்பியாவ் 1938-இல் கொல்லப்பட்டான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வனத்தை' விட்டுவிட்டு வெறும் பாலை என்றாலே போதும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். மழை வந்தால் நிலம் பழையபடி முல்லையாகிவிடும். செர்த்தாவ் அச்சாக இதுதான். பிழைப்புத் தேடிப் பிரிந்து போவதும், வழியில் ஆறலைக் கள்வர் மறிப்பதும் நம் பாலைத்திணையிலும் உண்டே! கமீன்யா காலத்துப் பழைய பொருளுக்கு மட்டும் 'உட்பகுதி' என்று எழுதலாம். 'உள்நாடு' வேண்டாம், அது உள்நாட்டு விமானம் பக்கம் போய்விடும்.

போகிற போக்கில் இன்னொரு சொல். 1896-97-இல் இதே செர்த்தாவில், கனூதோஸ் என்ற ஊரில், அந்தோனியோ கொன்செலேய்ரோ என்ற துறவியின் பின்னால் திரண்ட ஏழைகளை ராணுவம் நாலாவது படையெடுப்பில்தான் அழிக்க முடிந்தது. அங்கே ஃபவேலா என்ற முட்செடியின் பெயரில் ஒரு குன்று இருந்தது. போர் முடிந்து ரியோ திரும்பிய சிப்பாய்கள் குடிசை போட்ட குன்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று பிரேசில் நகரங்களின் குடிசைப் பகுதிகளை ஃபவேலா என்பது அப்படி வந்ததுதான்.