மாரிக் காளான்: படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது

மாரி தொடங்கினால் எனக்கு வட்ஸ்அப்பில் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். பனங்கூடலுக்குள் முளைத்தது, உக்கிய கட்டையில் முளைத்தது, வன்னிப் பக்கம் விறகுக்குப் போன இடத்தில் பிடுங்கியது. "டொக்டர், இது சாப்பிடலாமோ?" சின்ன மண்ணிறக் காளான் என்றால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

படத்தில் தெரிவது குடையின் மேற்புறம். அந்தச் சாயலில் எத்தனையோ இனங்கள் உண்டு. அவற்றில் கலெரினா, லெபியோட்டா வகைகள் சிலவற்றில் ஈரலை அழிக்கும் அமடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. காளான் படித்தவர்களே நுணுக்குக்காட்டியில் வித்திகளைப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்லுகிறார்கள்.

ஆர்வமுள்ள பெடியள் வித்திப் பதிவு எடுத்துப் பார்க்கலாம். தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் குடையை வைத்து, கோப்பையால் மூடி இரவு முழுக்க விடுங்கள். விடியப் பார்த்தால் வித்தித் தூள் படிந்திருக்கும். கலெரினா துருநிறம், லெபியோட்டா வெள்ளை. மழைக்குப் பிறகு புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று மங்கிய பச்சையாகப் படியும். குளோரோபில்லம் என்ற அது ஓரிரு மணித்தியாலத்திலேயே சத்தியைக் கொண்டுவரும். ஆனால் பதிவை நம்பிச் சமைக்காதீர்கள். சந்தையில் வாங்கும் சிப்பிக்காளானும் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் படியும்.

கறியில் போட்ட வெள்ளிக்காசு கறுக்கவில்லை, உள்ளி நிறம் மாறவில்லை, அணில் கடித்திருக்கிறது என்பார்கள். இவை எதுவும் சோதனையல்ல. அமடொக்சின் கொதித்தாலும் அழியாது.

என்னை அதிகம் பயப்படுத்துவது அதன் தாமதம். இரவு சாப்பிட்டவருக்கு அநேகமாக 6 மணித்தியாலத்துக்குப் பிறகே சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதற்குள் காளான் கறி மறந்துபோகும். அடுத்த நாள் எல்லாம் நின்று ஆள் தெளிவாக இருப்பார். ஈரல் பழுதாகிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். "சுகமாகிட்டுது, துண்டு வெட்டுங்கோ" என்று கேட்டு நின்ற ஒரு தாயிடம், மகனை இன்னும் 2 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச்சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டால் சத்தி வரும்வரை காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மிச்சக் கறியையும், குப்பையில் போட்ட அடித்தண்டையும் கடதாசியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். சொப்பிங் பையில் போட்டால் அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வேறு யார் சாப்பிட்டது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.