மனவரைபடத்தைப் பிள்ளையே வரையட்டும்

காலாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மைண்ட் மேப், அதாவது மனவரைபட பிடிஎஃப்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். பாடத்துக்கு ஒன்று, நடுவில் தலைப்பு, சுற்றிலும் கலர் கலராகக் கிளைகள், பார்க்கவே அழகாக இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, பிள்ளை படிக்கும் மேஜைக்கு மேலே ஒட்டிவிட்டு, "மேப் எல்லாம் குடுத்தாச்சு மேடம், அப்பவும் மனசுல நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் வரும் பெற்றோர் நிறைய. கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் நான். மனவரைபடம் என் வகுப்பில் தினமும் புழங்குகிற ஒன்று, அதன் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: வேறு யாரோ வரைந்து கொடுத்த படம் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பக்கம், அவ்வளவுதான்.

எது முக்கியம், எது எதோடு சேரும், எது எதனால் வந்தது என்று முடிவெடுப்பதில்தான் படிப்பே இருக்கிறது. பிடிஎஃப் போட்டவர் அந்த வேலையை முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் கலர் மட்டும்தான்.

மைண்ட் மேப் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பிரிட்டனைச் சேர்ந்த டோனி புசான், 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் மூலம் அதைப் பரவலாக்கியவர். ஆனால் எனக்கு அதிகம் உதவியது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவும் 1972 வாக்கில் உருவாக்கிய கருத்து வரைபடம்தான். அவர்கள் பிள்ளைகளைப் பேட்டி கண்டு, அறிவியலை அந்தப் பிள்ளைகள் புரிந்துகொள்ளும் விதம் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று வருடக்கணக்கில் கவனித்தார்கள். குவிந்துபோன பேட்டிகளைப் பார்த்தவுடன் விளங்குகிற மாதிரி எப்படி வைப்பது என்று யோசித்தபோது பிறந்ததுதான் அந்தப் படம். அதாவது, பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் தெரிந்துகொள்ள உண்டானது அது. அதில் ஒரு விதி உண்டு, இரண்டு சொற்களை இணைக்கும் கோட்டின் மேல் அவை எப்படி இணைகின்றன என்று எழுதியே ஆக வேண்டும்.

இந்த விதி சின்னதாகத் தெரியும், ஆனால் செய்கிற வேலை பெரிது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நீர்ச் சுழற்சியை வரைந்தான். கடல், மேகம், மழை, ஆறு, நான்கும் சரி, அம்புக்குறிகளும் சரியான திசையில்தான் இருந்தன, தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். கடலிலிருந்து மேகத்துக்குப் போகிற அம்பின் மேல் ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன். 'மேகம் எறங்கி வந்து தண்ணி குடிக்கும்' என்று எழுதினான்! ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டால் புத்தக வரியைத் தங்குதடையில்லாமல் ஒப்பிக்கிற பையன் அவன். பாட்டி சொன்ன கதையும் பாடப்புத்தக வரியும் ஒன்றோடொன்று உரசாமல் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்திருக்கின்றன. சூடான தண்ணீர்ப் பாத்திரத்தைத் தட்டால் மூடி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். தட்டின் அடியில் துளித்துளியாக நின்றதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானே அடித்துவிட்டு 'வெயில்ல ஆவியாகி மேல போகும்' என்று எழுதினான். அப்புறம் நான் கேட்காமலேயே, 'குளிர்ந்து துளியாகும்' என்று இன்னொரு அம்பு போட்டான். அச்சடித்த படத்தை எத்தனை நாள் பார்த்தாலும் இது வெளியே வந்திருக்காது.

அடுத்தது, எல்லாப் பாடத்துக்கும் சிலந்தி மாதிரிப் படம் பொருந்தாது. ஆங்கிலேயருக்கு எதிராக இந்தியச் சிப்பாய்கள் எழுந்த வேலூர் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் '1806' என்று எழுதிவிட்டு, சுற்றிலும் புதிய தலைப்பாகை, சமயக் குறிகளுக்குத் தடை, திப்புவின் மகன்கள், கில்லஸ்பி, வில்லியம் பெண்டிங்க் என்று கிளை விட்டால் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். எது காரணம், எது விளைவு? படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. அதையே இடது பக்கம் காரணங்கள், நடுவில் ஜூலை 10 அன்று கோட்டையில் நடந்தது, வலது பக்கம் விளைவுகள் என்று பிரித்து வைத்தால், தலைப்பாகையும் தடையும் கோட்டையில் இருந்த திப்பு குடும்பமும் இடது பக்கம் போய்விடும். ஆற்காட்டிலிருந்து படையோடு வந்து அடக்கிய கில்லஸ்பி நடுவில், கவர்னர் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டதும் திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் வலது பக்கம். 'காரணங்களையும் விளைவுகளையும் விவரி' என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்கள் என்று ஒப்பிட வேண்டியதற்கு இரண்டு வட்டம் ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல் போடலாம், இல்லையென்றால் சாதாரண அட்டவணையே போதும். பாடம் வரிசையாக நடப்பதைச் சொன்னால் அம்புச் சங்கிலி. எந்த வடிவம் என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதுவும் படிப்புதான்.

இப்போது முக்கியமான விஷயம். புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும். 2011இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்பிக்கியும் ஜேனல் பிளன்ட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தார்கள். இன்னொரு குழு படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மூடி வைத்து எழுதியவர்களே நன்றாகச் செய்தார்கள். வரைபடம் வரைவதையே தேர்வாக வைத்தபோதும் அவர்கள்தான் முந்தினார்கள். இதைப் படித்துவிட்டு வரைபடமே வீண் என்று சிலர் பேசினார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. அதே இருவர் பின்னர் செய்த ஆய்வில், நினைவிலிருந்தே வரைகிற வரைபடமும் நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்கு இணையாகவே பலன் தந்தது. ஆகவே படிக்கட்டும், மூடட்டும், பென்சிலால் வரையட்டும். தெரியாத இடத்தில் காலி வட்டம் விடட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் நிரப்பட்டும். அந்த இரண்டாவது நிறம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மறுநாள் படிக்க வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில், பிள்ளைகளே செயல்பட்டுக் கற்கும் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது மனவரைபடம் வரைதல் பாடத்தின் ஒரு படியாகவே இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் வரைவதைப் பார்த்து வகுப்பே எழுதிக்கொள்கிற சடங்காக அது பல இடங்களில் ஆகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

எழுத்து கைகூடாத பிள்ளைகளுக்கு மனவரைபடம் பெரிய வரம் என்பேன். எழுத்துப்பிழைக்குப் பயந்து பேனாவையே தொடாத பிள்ளை, சொல்ல வேண்டியதைப் படமாகவோ ஒற்றை வார்த்தையாகவோ வைத்துவிடும். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, தரையில் பரப்பிவிடுங்கள், எதை எங்கே வைப்பது என்பதை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். சீட்டை நகர்த்தலாம் என்பதால் தப்பாகிவிடுமோ என்ற பயம் போய்விடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தாளே வேண்டாம். தரையில் கயிற்றால் இரண்டு வட்டம் போட்டு இலைகளைப் பிரித்து வைக்கச் சொன்னாலே போதும். கிளைகள் நான்கைந்துக்கு மேல் போனால் தாளை மாற்றிவிடுங்கள், ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடிவது கொஞ்சம்தான். சில பிள்ளைகளுக்கு நாலாபக்கமும் கோடு ஓடுவதைப் பார்த்தாலே குழப்பம் வரும். அவர்களுக்கு அட்டவணையோ மேலிருந்து கீழே போகும் வரிசையோ கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

"இதனால மார்க் வருமா?" படத்தோடு நிறுத்திவிட்டால் வராது. கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, எண்ணுக்கு ஒரு வாக்கியமாக வாயால் சொல்லச் சொல்லுங்கள், அதையே எழுதினால் ஐந்து மதிப்பெண் விடை தயார். பள்ளியில் சார்ட் பேப்பரில் மைண்ட் மேப் கேட்டால், தயவுசெய்து இரவு பதினோரு மணிக்கு நீங்கள் உட்கார்ந்து வரையாதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும், அடித்துத் திருத்தியிருந்தாலும், பிள்ளை வரைந்ததையே கொடுத்தனுப்புங்கள். பாடம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை ஆசிரியர் அதில்தான் பார்க்க முடியும்.