109 டிகிரிக்கும் 110 டிகிரிக்கும் நடுவே

“ஹாம் ரேடியோ வரைபட மென்பொருளின் அடுத்த பதிப்பு வரப்போகிறது, சோதித்துப் பாருங்கள் என்கிறார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. திறந்தேன், வரைபடம் வந்தது, நிலையங்கள் நகர்ந்தன. இதற்கு மேல் என்ன சோதிப்பது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நகர்வதைப் பார்ப்பது வேடிக்கை. விடை முன்பே தெரிந்த ஒரு பாக்கெட்டை, அதாவது ரேடியோவில் வரும் சிறு தகவல் துண்டைக் கொடுத்து, புள்ளி அங்கேதான் விழுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

எக்ஸாஸ்டிர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் படிப்பது ஏபிஆர்எஸ் பாக்கெட்டுகளை. நிலையங்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்க, அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இருந்த பாப் புருனிங்கா வடிவமைத்த முறை இது. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தை மோடம் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாக மாற்றுகிறது. அவை நொடிக்கு 1200 பிட் வேகத்தில் காற்றில் போகின்றன. வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800. மறுமுனையில் ஒலி திரும்ப எழுத்தாகிறது. இதுவரை சிக்கல் இல்லை. அந்த எழுத்துகளை எப்படி இடமாக மாற்றுவது என்பதில்தான் வழுக்கள், அதாவது நிரல் பிழைகள் குடியிருக்கின்றன.

அதிலும் மைக்-இ என்ற வடிவம் ஓர் அழகான கஞ்சத்தனம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ‘யாருக்கு’ என்ற முகவரிக்கு ஆறு எழுத்து இடம் இருந்தே தீரவேண்டும். ஏபிஆர்எஸ்ஸில் செய்தி எல்லோருக்கும் பொது, ஆகவே அந்த முகவரியால் பயனில்லை. சும்மா போகும் இடம்தானே என்று அட்சரேகையை அதிலேயே ஏற்றிவிட்டார்கள். ஓர் இலக்கத்தை 0 முதல் 9 வரையான எண்ணாகவும் எழுதலாம், பி முதல் ஒய் வரையான பத்து ஆங்கில எழுத்துகளில் ஒன்றாகவும் எழுதலாம். எதைத் தேர்ந்தீர்கள் என்பதே இன்னொரு தகவல். முதல் மூன்று இடங்களில் அது நிலையத்தின் நிலைமையைச் சொல்லும். நான்காவதில் எழுத்து வந்தால் வடக்கு, எண் வந்தால் தெற்கு. ஐந்தாவதில் எழுத்து வந்தால் தீர்க்கரேகையோடு 100 கூட்டவேண்டும். ஆறாவதில் எழுத்து மேற்கு, எண் கிழக்கு.

45 டிகிரி 12.38 நிமிடம் வடக்கு, 109 டிகிரி 05.50 நிமிடம் கிழக்கு என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். நிலைமை ‘பணியில் இல்லை’; அதற்கு முதல் மூன்றுமே எழுத்துகள். முகவரி இப்படி வரும்: டி, யூ, க்யூ, ஆர், எஸ், 8. இலக்கங்களாகப் படித்தால் 4, 5, 1, 2, 3, 8.

தீர்க்கரேகை செய்திப் பகுதியில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் நூறில் பங்கு என மூன்று பைட்டுகளாக வருகிறது. ஒவ்வொன்றிலும் மதிப்போடு 28 கூட்டப்பட்டிருக்கும். 109-இன் நூறைக் கழித்தால் மிச்சம் 9. 28 சேர்த்தால் 37. ஆனால் 0 முதல் 9 வரை இப்படி எழுதினால் கட்டுப்பாட்டுக் குறிகளும் வெற்றிடமும் வந்து விழும். அதைத் தவிர்க்க 100 முதல் 109 வரை உள்ளவற்றுக்கு 80 கூடுதல். எனவே 109 வருவது 117-ஆக. பிரித்துப் பார்ப்போம்: 117-இல் 28 போக 89, நூறு சேர்த்தால் 189, 180 முதல் 189 வரை என்றால் 80 கழி, 109. அடுத்த டிகிரியான 110-க்கு இந்தச் சலுகை கிடையாது, அது 38. ஒரே டிகிரி நகர்ந்ததற்கு பைட் 117-இலிருந்து 38-க்குக் குதிக்கிறது! நிபந்தனையில் ‘189-க்குள்’ என்பதை ‘189-க்குக் கீழ்’ என்று யாராவது எழுதிவிட்டால், 100 முதல் 108 வரை எல்லாம் சரியாக ஓடும். 109-இல் மட்டும் வண்டி வரைபடத்துக்கு வெளியே போய்விடும். 80 டிகிரியில் வாழ்பவர் ஆயுள் முழுக்க இதைப் பார்க்கமாட்டார்.

ஆகவே சோதிக்கவேண்டிய டிகிரிகள்: 9, 10, 99, 100, 109, 110, 179. ஒவ்வொன்றையும் கிழக்கிலும் மேற்கிலும், வடக்கிலும் தெற்கிலும். நிமிடங்களில் 9, 10. பத்துக்குக் குறைந்தால் அங்கே 60 கூடுதல். டிகிரி பத்துக்குக் குறைந்தால் ஐந்தாவதில் எழுத்தும் 90 கூடுதலும் உண்டு, ஆகவே 9, 99 இரண்டு டிகிரிக்கும் வரும் பைட் 127, திரையில் தெரியாத அழிப்புக் குறி. நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் காணாமல் போகும். கோப்பை, பைட்டுகளை எண்களாகவே எழுதவிடும் ஹெக்ஸ் எடிட்டரில் எழுதுங்கள்.

அந்தக் கோப்பைப் பதிவுக் கோப்பாகத் திறந்து ஓட்டலாம். எக்ஸாஸ்டிரில் அந்த வசதி உண்டு. ஒலிபரப்பை அணைத்துவிடுங்கள். இணையச் சேவையகத்தோடு இணைவதானால் கடவு எண் -1 கொடுங்கள், கேட்க மட்டுமே முடியும். இது வெறும் நாகரிகம் இல்லை: முகவரியின் முதல் மூன்றும் எண்களாக வந்தால் அதற்குப் பொருள் ‘அவசரநிலை’. அவசரத்தில் கட்டிய சோதனைப் பாக்கெட் காற்றில் போனால் யாரோ உதவிக்கு ஓடிவருவார்கள்.

மைக்-இ போக, சாதாரண வடிவத்தில் 59.996 நிமிடத்தை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கும் வரிசை தவறினால் 60.00 என்று எழுதும், டிகிரி ஏறாது. பிறகு கணினியின் மொழி அமைப்பை ஜெர்மனுக்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, 38.99-ஐ 38 என்று படித்துவிட்டால் அட்சரேகையில் புள்ளி சுமார் 1.8 கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

வரைபட நூலகங்களையும், அதாவது மென்பொருள் கடன் வாங்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளையும் விடாதீர்கள். ப்ராஜ் நூலகத்தின் 8-ஆம் பதிப்பில் பழைய இடைமுகமே நீக்கப்பட்டது. பழைய நிரல் அதில் தொகுக்கவே படாது, அது நல்லது, உடனே தெரிந்துவிடும். ஜிடால் 3 ஆபத்தானது: பொதுவான உலக ஆயக்குறியீட்டில் அட்சரேகையை முதலில் வைக்கும் வழக்கத்துக்கு மாறியது. பழைய நிரல் தொகுக்கப்படும், ஓடும், ஆனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். வெளியீட்டுக்கு முன் ‘மேக் டிஸ்ட்செக்’ கட்டளையை ஓட்டினால், பொதிக்குள் சேர்க்க மறந்த கோப்பும் வெளிப்படும்.

புது வசதிக்கு நிதியும் கைதட்டலும் கிடைக்கின்றன, சோதனைக் கோப்பு எழுதுபவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் ‘ஒருமுறை மூடித் திறந்தேன், சரியாகிவிட்டது’ என்ற மூடநம்பிக்கை இந்தத் துறையில் இன்னும் செழிக்கிறது. வழுவைப் பதிவு செய்யும்போது பாக்கெட்டின் பைட்டுகளை ஹெக்ஸில், எதிர்பார்த்த இடம், காட்டிய இடம், நூலகப் பதிப்புகள், மொழி அமைப்பு ஆகியவற்றோடு கொடுங்கள். சரிசெய்த பின் அதே பாக்கெட்டைச் சோதனைத் தொகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பதிப்பு கழித்து அதே வண்டி மறுபடி 109-இல் தொலையும்.