கிரஷர் பெல்ட்டில் கை போனால்: முதல் நாளே பிடிக்க வேண்டிய காகிதங்கள்

ஜல்லி உடைக்கும் கிரஷர் மெஷினில் விரலோ கையோ போன ஆட்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நிறையப் பேருக்குக் கல் உடைக்கும்போது அடிபடவில்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்திய டஸ்ட்டை வாரும்போது, ரோலரில் அப்பிய மண்ணைச் சுரண்டும்போது, ஜாவில், அதாவது கல்லை நொறுக்கும் தாடையில், சிக்கிய கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது அடிபட்டவர்கள் அவர்கள். லாரி லோடுக்கு நிற்கிறது என்று ஓடும்போதே வாரச் சொல்வார்கள். கை போனபிறகு "நானா சொன்னேன்? அவனாகத்தான் உள்ளே விட்டான்" என்பார்கள்.

2022இல் அடைமிதிப்பான்குளம் குவாரியிலும் 2025இல் மல்லாக்கோட்டை குவாரியிலும் பாறை சரிந்தபோது அமைச்சர் வந்தார், நிவாரணம் அறிவித்தார்கள். ஒற்றை ஆளின் கட்டைவிரலுக்கு யாரும் வரமாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

முதலில், கை போகாமல் இருக்க. சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் மெஷினை நிறுத்தியாக வேண்டும். பட்டனை அமுக்கி நிறுத்தினால் போதாது. அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர் தெரியாமல் மறுபடி அமுக்குவார். மெயின் சுவிட்சை இறக்கி, பேனலைப் பூட்டி, உள்ளே இறங்குபவரே சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேலே ஜல்லி இருந்தால் நின்ற பெல்ட்டும் பின்னால் உருளும். கரண்ட் போனபின்பும் ஜாவின் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். எடுத்த தடுப்பு வலையைத் திரும்ப மாட்டாமல் ஓட்டச் சொன்னால், சொன்னவர் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

இனி நஷ்டஈடு. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. விபத்துத் தேதியைப் பொறுத்து மனுவில் எழுதும் சட்டத்தின் பெயர் மாறும். அடிப்படைக் கணக்கு அதேதான்.

முதல் குழி ஆஸ்பத்திரியில். ஃபோர்மேன்தான் கூட்டிப் போவார். சீட்டு எழுதுபவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டால் "பைக்ல விழுந்துட்டான் சார்" என்று முந்திக்கொள்வார். அந்த ஒரு வரி ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில்) ஏறிவிட்டால் பிறகு அதை மாற்ற மூச்சு முட்டும். வலி எவ்வளவு இருந்தாலும், கூட இருப்பவர் ஒருவராவது "கிரஷரில் வேலை செய்யும்போது" என்று எழுதச் சொல்லுங்கள். தனியார் ஆஸ்பத்திரியிலும் இதையே சொல்லுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் பெற்றதற்கான சீட்டைக், கையோடு வாங்குங்கள்.

இரண்டாவது குழி கூலிப் பதிவேடு. கட்டைவிரல் போனால் சட்ட அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. 40 வயதுக்காரருக்கு மாதக் கூலி 15,000 என்றால் அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் அந்த வயதுக்கு உள்ள காரணி 184.17, அதால் பெருக்கி 30 சதவீதம் எடுத்தால் 4,97,259 ரூபாய். பதிவேட்டில் 8,000 என்று எழுதியிருந்தால் இதுவே சுமார் 2,65,000 ஆகிவிடும். 15,000க்கு மேல் வாங்கினாலும் கணக்குக்கு 15,000தான்; 2020இல் வைத்த வரம்பு அது. ஜிபே பதிவு, கூலிச் சீட்டு, உடன் வேலை செய்பவரின் சாட்சி என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, ஸ்டாம்ப் பேப்பர். ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் சட்டப்படி அது செல்லாது. இறப்பு என்றால் நஷ்டஈட்டை மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் கொடுத்ததை, சிறிய முன்பணம் தவிர, நஷ்டஈடாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனு போடலாம்.

"அவன் தப்பு" என்ற வாதத்துக்கு வருவோம். கவனக்குறைவு மட்டும் நஷ்டஈட்டைத் தடுக்காது. குடித்திருந்தார், அல்லது தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார், தடுப்பை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த வாதமே எடுபடாது. "அவன் காண்ட்ராக்டர் ஆள்" என்பதும் அப்படித்தான்: குவாரி உரிமையாளர் மீதே மனு போடலாம்.

அடுத்தது அலைச்சல். கனிமவளத் துறைக்குப் போனால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். அது உண்மையும்கூட. குவாரிக்குள் பாதுகாப்பைப் பார்ப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். வெளியே இருக்கும் கிரஷரைப் பார்ப்பது மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். இருவரும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள். நஷ்டஈட்டுக்கு இந்த இரண்டு வாசலும் வேண்டாம். மனு போக வேண்டியது தொழிலாளர் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் அலுவலகத்துக்கு. போகுமுன் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2025 நவம்பர் 21க்கு முன்பு, சுரங்கச் சட்டத்துக்குள் வந்த குவாரிக்கு அது கிடையாது; தனி கிரஷர் யூனிட்டுக்கு இருக்கலாம். இருந்தால் இ.எஸ்.ஐ.யில்தான் ஊனத்துக்கான மாதத் தொகை. இந்த மனு நிற்காது.

ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு: ஊருக்குப் போய்விட்டாலும் அங்கிருந்தே மனு போடலாம். கெடு 2 வருடம். "கம்பெனி பார்த்துக்கும்" என்ற பேச்சிலேயே அது கரைந்துவிடும். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். இரண்டையும் மனுவில் கேட்டு எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேளுங்கள், எண் 15100. உத்தரவு வந்தபின் "ஹைகோர்ட்டுக்குப் போவேன், பத்து வருஷம் இழுப்பேன்" என்று மிரட்டல் வரும். மொத்தத் தொகையையும் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் அப்பீலை எடுக்கவே மாட்டார்கள்.